வான் தீவும் அதன் சம்ரக்ஷணையும்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அணித்தாய், மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற நீரில், வான் தீவு என்று ஒரு சிறு மணல்திட்டு இருக்கிறது. அங்கே ஊரில்லை, வீடில்லை, வரி செலுத்துவோர் ஒருவருமில்லை. 1986-ஆம் ஆண்டு தமிழக அரசு இத்தீவையும், இங்கிருந்து பாம்பன் வரையில் கரைக்கு இணையாக வரிசையிட்டுக் கிடக்கும் மற்றை 20 தீவுகளையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கை செய்தபொழுது, வான் தீவின் பரப்பு ஏறத்தாழ 16 ஹெக்டேர். 2014-இல் அது சுமார் 2 ஹெக்டேர். எதைக் காப்பதற்கென்று சட்டம் பிறந்ததோ அதில் எட்டில் ஏழு பங்கு, அச்சட்டம் அமலில் இருக்கும்போதே, முப்பது ஆண்டுகளுக்குள் கடலில் கரைந்துபோயிற்று. இது எவ்வாறு நேர்ந்தது, ஜனசஞ்சாரமற்ற ஒரு நிலத்தைக் காப்பது என்பதன் தாத்பரியம்தான் என்ன, இதுவரை செய்யப்பட்டவற்றுள் பயனளித்தது எது, அளிக்காதது எது என்பவற்றைக் கூடியவரை ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம்.

ஆளில்லாத் தீவு என்றதும் தமிழ் வாசகர்களின் மனம் நேரே கச்சத்தீவுக்குச் செல்வது இயல்பு. 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு அத்தீவைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்களை அடுக்கினால் அதுவே ஒரு தீவாகிவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கோ எந்த அயல்நாடும் உரிமை கோரவில்லை. ஆகையால் அவற்றுக்குக் கீர்த்தியுமில்லை. அவற்றுள் இரண்டு நீருக்குள் மூழ்கி மறைந்த செய்தி சட்டசபைத் தேர்தல் மேடை எதிலும் முழங்கியதாக நான் கேட்டதில்லை. பனியனும் சாயமும் ஏற்றுமதியுமாகவே பொழுது விடிந்து பொழுது போகும் திருப்பூரில் இருந்துகொண்டு, கடலே கண்ணுக்கு எட்டாத கொங்கு நாட்டவன் ஒருவன் இவ்விஷயத்தைப் பேசுவானேன் என்று கேட்போருக்கு விடை கட்டுரையின் போக்கிலேயே கிடைக்கும்.

தீவுகளின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். நிர்வாக வசதிக்காக அவை நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: மண்டபம் தொகுதியில் 7, கீழக்கரைத் தொகுதியில் 7, வேம்பார்த் தொகுதியில் 3, தூத்துக்குடித் தொகுதியில் 4. நல்லதண்ணி, உப்புத்தண்ணி, முள்ளி, வாழை, தலையாரி, ஆனைப்பார், பூமரிச்சான், குருசடை என்ற பெயர்களைக் கேட்கும்பொழுதே, எவரும் குடியிராத இத்தீவுகளைப் பரம்பரையாக அறிந்து, எங்கே குடிக்கும் தண்ணீர் உண்டு, எங்கே இல்லை என்பதுவரை குறித்து வைத்திருந்த ஒரு ஜனசமூகம் எதிர்க்கரையில் வாழ்ந்து வந்திருப்பது விளங்கும். மண்டபத்தை அடுத்த முயல் தீவுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதுவே 130 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. ஏனையவை மிகச் சிறியவை. கடல்மட்டத்துக்கு மேல் சில அடிகளே உயர்ந்தவை. மலைத்தொடர் ஒன்றின் சிகரமாகவோ, எரிமலையின் வாயாகவோ தோன்றியவையல்ல இவை. கடலடியில் நுண்ணிய பவள ஜீவன்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய பார்களின்மேல், அலைகள் உடைத்தெறிந்த பவளத் துண்டுகளும் சிப்பிகளும் மணலும் குவிந்து உண்டான திட்டுகள். தீவைச் சூழ்ந்துள்ள பவளப்பார் தீவுக்கு மதில் போன்றது; மதில் விழுந்தால் வீடு நிற்காது. வெளிக்கடலிலிருந்து வரும் அலை பாரில் மோதி, பாதிக்குமேல் வலிவிழந்து, தீவின் கரையை மெல்லத் தொடுகிறவரையில்தான் அந்த மணல் அவ்விடத்தில் தங்கும். இந்த ஒரு நியதியை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் சரித்திரம் முழுவதும் எளிதில் புரியும்.

விஞ்ஞானிகளின் கவனம் இங்கே விழுந்தது நேற்றல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமேஸ்வரக் கரையின் கடல்வாழ் பிராணிகளைச் சேகரித்தார். மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் முத்துப் பார்களையும் சங்குப் பார்களையும் நெடுங்காலம் ஆராய்ந்தார். 1927-ஆம் ஆண்டு, எஃப். எச். கிரேவ்லி கண்காணிப்பாளராயிருந்த சென்னை அருங்காட்சியகம், குருசடைத் தீவின் கரையோரப் பிராணிகளைப் பற்றித் தனி வெளியீடு ஒன்றையே கொணர்ந்தது. முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையே ஒரு கண்ணியாக விலங்கியல் நூல்கள் வர்ணிக்கும் பலனோகுளோசஸ் என்னும் புழு அங்கே மணலில் கிடைக்கும் என்பதற்காகவே, சென்னை மாகாணத்துக் கல்லூரி மாணாக்கர்கள் பாம்பனுக்கு ரயிலேறியதுண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பெற்றுச் சில காலத்துக்குள் மண்டபத்தில் தலைமையிடம் கொண்டதற்கும் இந்தச் செழிப்பே காரணம். இவ்வளவு படித்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில்தான் பின்னே சொல்லப்போகும் அழிவு நிகழ்ந்தது. அறிவு இல்லாத குறையால் வந்த அழிவு அது என்று யாரும் சொல்லிக்கொள்ள இயலாது.

அழிவின் முதற் காரணம் பவளக்கல் வெட்டுதல். தூத்துக்குடியிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வள்ளங்களில் சென்று, கடப்பாறையால் பாரைப் பெயர்த்து, கரைக்குக் கொண்டுவந்து, சுண்ணாம்புக் காளவாய்க்கும் கால்சியம் கார்பைடு உற்பத்திக்கும் கட்டட வேலைக்கும் விற்பது பல்லாண்டுகள் நடைபெற்ற தொழில். தூத்துக்குடித் தொகுதித் தீவுகள் பட்டணத்துக்கு மிக அருகில் இருந்தமையால் அவற்றின் பார்களே முதலில் காலியாயின. உயிருள்ள கிளைப்பவளம் நல்ல சூழலில் ஆண்டுக்குச் சில அங்குலமாவது வளரும். உருண்டைக் கல்லாகத் திரளும் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒரு தலைமுறை வெட்டியதைத் திரும்பப் பெறுவதற்குப் பல தலைமுறைகள் காத்திருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். பாரை இழந்த தீவுகளில், கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்த விலாங்குசல்லியும் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. அரசாங்க ஆவணங்களில் தீவுகள் இன்னமும் 21. படகில் போய் எண்ணினால் 19.

இங்கே சட்டத்தின் போக்கைச் சிறிது நிதானித்துப் பார்க்கவேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. புலியும் யானையும் அதன் முதற் பிரஜைகள். அந்தச் சட்டத்தின்கீழ் 1986-இல் பூங்கா வந்தது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. ஆயினும் கல்லாய்ச் சமைந்த பவளங்கள் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது 2001-இல்தான். பூங்காவின் எல்லைக்குள் கல் வெட்டலாகாது என்று சொன்ன சட்டம், வெட்டிய கல் கரையேறிக் காளவாயை அடைந்த பின்பு அதைப் பிடிக்கத் தெளிவான வழியின்றி நெடுங்காலம் நின்றது என்றே கருத வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து போனபின், பாரும் தீவும் முன்னின்ற கரைகளுக்கு நேர்ந்ததையும் வெட்டவெளியாய்க் கிடந்த கரைகளுக்கு நேர்ந்ததையும் மீனவர்கள் தாமே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கல் வெட்டும் தொழில் அதையடுத்த காலத்தில் அநேகமாக நின்றது. அறிவிக்கையைக் காட்டிலும் அந்த ஒரு காலைப்பொழுது அதிகம் போதித்தது போலும்.

ஆனால் காவலின் கண்டிப்பு மறுபுறம் யார்மேல் விழுந்தது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. ராமநாதபுரக் கரையின் மீனவப் பெண்கள் தலைமுறையாக இத்தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்து விற்று ஜீவித்து வந்தவர்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கையில் துணி சுற்றிய விரல்கள், இடுப்பில் ஒரு பை; இதுவே அவர்களுடைய மூலதனம். பூங்காவின் காவல் இறுகிய பிறகு, நேற்றுவரை தொழில் செய்த இடத்தில் இன்று கால் வைத்தாலே அபராதம் என்ற நிலை அவர்களுக்கு வந்தது. அப்பெண்கள் கூச்சலிட்டு ஓயாமல், தாமே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் பாசி எடுப்பதில்லை என்றும், பாரைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தொடுவதில்லை என்றும் தமக்குத் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களுக்காகக் குரல் கொடுத்த, பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சீக்காலஜி நிறுவனம் தன் பரிசை வழங்கிற்று. தீவைக் காக்க வேண்டும் என்று சொல்லும் இரு கட்சியாரும் நேருக்கு நேர் நின்று ஒருவரையொருவர் குற்றவாளி என்று நோக்கிய இந்த நிலைமையே, என் அபிப்பிராயத்தில், பூங்காவின் வரலாற்றில் நேர்ந்த பெரிய நஷ்டம். கடலை நாள்தோறும் பார்க்கும் ஆயிரம் கண்களை விலக்கிவிட்டு, ரோந்துப் படகு ஒன்றிரண்டைக் கொண்டு அத்தனை தீவுகளையும் காப்பதென்பது நடவாத காரியம்.

நல்ல எண்ணத்தோடு செய்ததும் தீங்காய் முடிந்த கதை ஒன்று உண்டு. இயற்கைப் பாசியின் மேலுள்ள பாரத்தைக் குறைக்கவும், மீனவக் குடும்பங்களுக்கு ஒரு வருமானம் தேடித்தரவும், கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசியை 1990-களில் மண்டபத்துக் கடலில் வளர்த்துப் பார்த்தார்கள். பின்னர் வர்த்தக ரீதியில் மூங்கில் தெப்பங்களில் அது பரவலாயிற்று. 2008-இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களின்மேல் அப்பாசி படர்ந்து போர்த்தியிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டெழுதினர். வெயில் படாத பவளம் மூச்சடைத்து மடிகிறது. கையால் பிய்த்தெடுத்தாலும் சிறு துணுக்கு எஞ்சினால் போதும், மீண்டும் தழைக்கும். பாசி வளர்ப்பால் பிழைத்த குடும்பங்கள் பல என்பதும் மெய்யே. ஆயினும் பவளத் தீவுகளுக்கு இவ்வளவு அருகில் அதற்கு இடம் கொடுத்தது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டத்தைப் பற்றிய வாதம் இங்கே விரிக்கத் தக்கதன்று; 2005-இல் தொடங்கி நின்றுபோன அப்பணியில், ராமர் பாலத்தைப் பற்றி எழுந்த பேச்சில் நூறில் ஒரு பங்கும் பவளத்தைப் பற்றி எழவில்லை என்பதைமட்டும் குறித்துவிட்டு மேலே செல்லலாம்.

கடப்பாறையையும் அயற்பாசியையும் விட வலிய சத்துரு ஒன்று இப்பொழுது வந்திருக்கிறது. அதற்கு எல்லைக்கோடும் தெரியாது, அறிவிக்கையும் தெரியாது. பவள ஜீவனின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்ந்து, சூரிய ஒளியில் உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றன. நிறமும் அவற்றாலேயே உண்டாகிறது. கோடையில் கடல்நீர் 30 டிகிரியை மீறிப் பல நாட்கள் நீடித்தால் பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறி நிற்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும், இல்லையேல் பட்டினியால் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா இந்தப் பெரும் வெளிறலைக் கண்டது. கல் வெட்டுவது நின்றபின் மெல்லத் துளிர்த்து வந்த பவளப் பரப்பு 2010-இலும் 2016-இலும் பெரிதும் குறைந்தது. தூத்துக்குடியிலோ தொண்டியிலோ எவரும் இதைச் செய்துவிடவில்லை. உலகின் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் வாகனங்களும் விட்ட புகையே இதைச் செய்தது. அதில் நம் பின்னலாடைத் தொழிலின் பாய்லர்களுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

இனி வான் தீவுக்குத் திரும்புவோம். 2013-ஐ ஒட்டி இத்தீவு நடுவே பிளந்து இரண்டாகப் பிரிந்தது. இன்னும் சில ஆண்டுகளில் விலாங்குசல்லியின் வழியே இதுவும் செல்லும் என்று தோன்றிய சமயத்தில், தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்வள ஆராய்ச்சி நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் தமிழகச் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து ஓர் உபாயத்தை மேற்கொண்டன. 2015 இறுதியிலிருந்து, துளைகள் உள்ள, அடி அகன்று மேல் குறுகிய கான்கிரீட் கூடுகள் 10,000-க்கும் மேற்பட்டவை தீவின் கடற்புறத்தில் வரிசை வரிசையாக இறக்கப்பட்டன. இதற்கான பணத்தில் பெரும்பகுதி, காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதற்கென்று மத்திய அரசு வைத்துள்ள நிதியிலிருந்து வந்தது. இவற்றின் காரியம் இரண்டு: அலையின் வேகத்தைத் தணித்து மணலைத் தங்கச் செய்வது முதலாவது; மிதந்து வரும் பவளக் குஞ்சுகளுக்குப் பற்றிக்கொள்ளக் கெட்டியான இடம் கொடுப்பது இரண்டாவது. மணல் தங்கிற்று, தீவின் அரிமானம் நின்று, பரப்பும் ஓரளவு கூடிற்று. கூடுகளின்மேல் பவளம் முளைத்தது, மீன்களும் வந்து அடைந்தன. மூழ்கவிருந்த தீவு ஒன்று மனித முயற்சியால் நிறுத்தி வைக்கப்பட்டதற்கு நம் நாட்டில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தத் துணிவில், 1969-இல் 20 ஹெக்டேருக்குமேல் இருந்து, அண்மையில் 3 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்ட காரைச்சல்லித் தீவிலும் இதே பணியைத் தமிழக அரசு, உலக வங்கியின் உதவிபெறும் கடலோரத் திட்டத்தின்கீழ், கையிலெடுத்திருக்கிறது.

இந்த வெற்றியைக் குறைத்துப் பேசுவது என் கருத்தன்று. ஆனால் ஒரு தலைமுறை சுண்ணாம்புக்காகப் பெயர்த்த பாருக்குப் பதிலாக அடுத்த தலைமுறை சிமெண்டினால் செய்த பாரை இறக்க நேர்ந்ததே என்று நினைக்கையில், எந்தக் காளவாய்க்காரரும் அந்தச் செலவில் ஒரு காசுகூடத் தரவில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது. பொருளைத் தின்றவர் ஒருவர், கடனைத் தீர்ப்பவர் வேறொருவர்.

ஆளில்லாமை ஒன்றே ஒரு நிலத்தைக் காக்கும் என்பது பொய் என்பதற்கு இதைவிடத் தூரத்து அத்தாட்சியும் உண்டு. தென் பசிபிக் சமுத்திரத்தில் பிட்கெயர்ன் கூட்டத்தைச் சேர்ந்த ஹெண்டர்சன் தீவு ஜனவாசமற்றது. கப்பல் வழிகளுக்கும் எட்டாதது. 1988-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்க்கப்பட்டது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அத்தீவின் கடற்கரைகளில் சுமார் 3 கோடியே 77 லட்சம் பிளாஸ்டிக் துண்டுகள் கிடப்பதாக மதிப்பிட்டது. யாரும் கால் வைக்காத கரையில் உலகமே தன் குப்பையைக் கொட்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் திருப்பூர்க்காரனுக்குப் பேச உரிமை பிறக்கிறது. வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல் எங்கள் ஊரைக் கடந்து காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்கென்று சென்னிமலைப் பக்கத்தில் 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயப்பட்டறைகளின் கழிவைத் தேக்கும் குட்டையாகி, எந்த விவசாயிகளுக்காகக் கட்டப்பட்டதோ அவர்களே ‘அணையைத் திறக்காதீர்கள்’ என்று மன்றாடும் கதிக்கு வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடலாகாது என்ற விதி ஏட்டிலிருந்து இறங்கிச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குள் வந்தது. மேட்டில் இருப்பவன் செய்வதைப் பள்ளத்தில் இருப்பவன் அநுபவிப்பான் என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை. இப்பொழுது ஊரின் வடக்கே, சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டிய நஞ்சராயன் குளம் 2022-இல் தமிழகத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ராம்சார் தலமாகவும் அங்கீகாரம் பெற்றிருக்கிறது. மன்னார் வளைகுடாவும் 2022-இலேயே அதே பட்டியலில் ஏறியது. குளிர்காலத்தில் வடக்கே இருந்து இறங்கும் கரைப்பறவைக் கூட்டங்களுக்கு எங்கள் குளத்துச் சேறும் தீவுகளின் சேறும் ஒரே பிரயாணத்தின் தங்குமிடங்கள். பட்டியல் ஒன்று, ஆபத்தும் ஒன்றே. குளத்தின் நன்மை தீமை அதற்குள் வரும் வாய்க்கால்களில் இருக்கிறது. தீவின் நன்மை தீமை எதிர்க்கரையில் இருக்கிறது.

ஆகவே, தீவுக்குள் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்வதையே பாதுகாப்பின் முழு அர்த்தமாகக் கொள்ளும் பழக்கம் மாறவேண்டும். இழுவைமடிகள் பார்களின் அருகே வராமல் தடுப்பதும், அறுந்து கடலில் கிடந்து பவளத்தைச் சுற்றிக்கொள்ளும் நைலான் வலைகளை மீனவர்களுக்குக் கூலி கொடுத்தே எடுப்பிப்பதும், தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சூடான நீரும் சாம்பலும் கடலைச் சேருவதைக் கண்காணித்து அக்கணக்கைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதும், பாசி எடுக்கும் பெண்களின் கட்டுப்பாட்டை அரசு ஏற்று அவர்களைக் காவலின் பங்காளிகளாக்குவதும் ரோந்துப் படகு வாங்குவதைவிட அவசரமானவை. பாக் விரிகுடாவில் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கென அமைந்த காப்பகம் இவ்வகையில் நல்ல தொடக்கம். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவிக்கும் மீனவருக்கு அரசு வெகுமதி தருவது அதில் பாராட்டத்தக்க அம்சம்.

திருப்பூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நம்மூரிலிருந்து குடும்பம் குடும்பமாக ராமேஸ்வரம் செல்கிறோம். அக்னி தீர்த்தத்தில் நீராடியபின் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிற வழக்கம் எப்பொழுது புகுந்ததோ, சாஸ்திரம் எதிலும் அதற்கு ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை. இன்றைய துணியில் பாலியெஸ்டரும் கலந்திருக்கிறது. அது மக்காது, அலையோடு போய்ப் பாரில் சிக்கும். அத்துணியில் பாதி நாமே தைத்து அனுப்பியதாகவும் இருக்கலாம். அடுத்த அமாவாசைக்குப் போகும்பொழுது ஈரத்துணியைப் பிழிந்து, ஒரு பையில் கட்டி, திரும்ப வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.